சேற்று வாயுவும் உயிரின் ஆற்றல் கணக்கும்: காவிரிப் படுகை நெல்வயலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உயிரின் தோற்றத்தையும் படிமலர்ச்சியையும் வெப்ப இயக்கவியலோடு இணைத்துப் பேசும் வரலாறுகள் பெரும்பாலும் போல்ட்ஸ்மான், ஷ்ரோடிங்கர், பிரிகோஜின் என்னும் ஐரோப்பிய வரிசையிலேயே அமைகின்றன. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றைப் பற்றிச் சென்னை மாகாணத்தில் 1913 முதல் 1916 வரை வெளிவந்த ஆய்வுகளும், அவற்றின் வழியில் பின்னர் வளர்ந்த நீர்மூழ்கு மண் வேதியியலும் இவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆக்சிஜன் அற்ற சூழலில் உயிர்கள் எவ்வளவு குறைந்த ஆற்றலில் வாழ இயலும் என்ற கேள்விக்கு நெல்வயல் ஒரு முதன்மைக் களம் என்பதையும், அக்கேள்வி உயிர்த்தோற்ற ஆய்வின் நடுக்கேள்வியோடு எவ்வாறு ஒன்றுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சைப் பகுதியில் ‘மீத்தேன்’ என்னும் சொல் பெற்றுள்ள அரசியல் பொருளையும் இப்பின்னணியில் மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: வெப்ப இயக்கவியல், உயிர்த்தோற்றம், மீத்தேன், நீர்மூழ்கு மண், காவிரிப் படுகை, ஆர்க்கியா, கூட்டு வளர்சிதைமாற்றம்

முன்னுரை

மேட்டூர் அணையில் சூன் 12ஆம் நாள் நீர் திறக்கப்படும் ஆண்டுகளில், சில நாட்களில் அந்நீர் கல்லணையைக் கடந்து தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் வாய்க்கால்களை அடைகிறது. வயலில் நீர் கட்டிச் சேற்றுழவு செய்தபின், நிலத்துக்குள் நடப்பது வேளாண்மை மட்டுமன்று. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் எஞ்சிய ஆக்சிஜனை ஓரிரு நாட்களுக்குள் தீர்த்துவிடுகின்றன. நீரின் வழியே புதிய ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் மிகக் குறைவாதலால், மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் படலம் நீங்கலாக, கீழ்ச்சேறு முழுதும் காற்றற்ற உலகமாக மாறுகிறது. குறுவைக்கு ஒரு முறை, தாளடிக்கு மறுமுறை என ஆண்டுதோறும் இம்மாற்றம் மீளமீள நிகழ்கிறது.

இக்காற்றற்ற சேற்றில் கால் வைத்தால் எழும் குமிழிகளை உழவர் அனைவரும் அறிவர். அவ்வாயுவில் மீத்தேன் கலந்திருப்பது இன்று பொதுச் செய்தி. வடஇத்தாலியின் மஜோரே ஏரிச் சதுப்பிலிருந்து அலெசாண்ட்ரோ வோல்டா 1776இல் சேகரித்து எரித்துக் காட்டியதும் இதே வாயுவே. ஆயினும் நெல்வயலில் இதனை முறையாக அளந்து, பயிரோடு இதற்குள்ள தொடர்பைக் கேள்வியாக்கிய தொடக்ககால ஆய்வுகளுள் முக்கியமானவை தமிழ்நிலத்தில் நடந்தவை என்பது உயிரியல் வரலாற்று நூல்களிலும் தமிழில் வந்த அறிவியல் வரலாறுகளிலும் உரிய கவனம் பெறவில்லை.

கோயம்புத்தூர் ஆய்வுகள், 1913–1916

சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலாளராகக் கோயம்புத்தூரில் பணியாற்றிய டபிள்யூ. எச். ஹாரிசனும் அவருடைய உதவியாளர் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் இணைந்து, ‘சேற்று நெல் மண்களின் வாயுக்கள்’ என்னும் பொருளில் தொடர் கட்டுரைகளை இந்திய வேளாண் துறையின் நினைவேட்டு வரிசையில் வெளியிட்டனர். முதற்பகுதி 1913இலும், இரண்டாம் பகுதி 1914இலும், பின்னைய பகுதிகள் 1916இலும் வெளிவந்தன. ஆய்வுக்கூடம் இருந்தது கோயம்புத்தூரில். எனினும் அக்கேள்வி மிகப் பொருந்தியது மாகாணத்தின் நெற்களஞ்சியமாகிய தஞ்சாவூருக்கே.

அவர்களை வழிநடத்திய கேள்வி எளியது. நெல்லின் வேரும் பிற பயிர்களின் வேரைப் போலவே மூச்சுவிட வேண்டும். காற்றே புகாத சேற்றில் அது எவ்வாறு அழுகாமல் வாழ்கிறது? விடை தேட அவர்கள் சேற்றிலிருந்து வாயுவை எடுத்துப் பகுத்தனர். சேற்றினுள் மீத்தேனும் நைட்ரஜனும் மிகுந்திருந்தன. கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் சிறிதளவு இருந்தன. சேற்றின் மேற்பரப்பை ஒட்டிய படலத்தில் நிலைமை வேறு. அங்கு பாசியும் பாக்டீரியாவும் பின்னிய ஒரு மெல்லிய தோல் இருந்தது. கீழிருந்து வரும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் அப்படலத்தின் பாக்டீரியா ஆக்சிஜனேற்றம் செய்தன. அதில் விளைந்த கரியமில வாயுவைப் பாசி ஒளியின் துணையால் உட்கொண்டு ஆக்சிஜனை வெளியிட்டது. இவ்வாக்சிஜன் நீரில் கரைந்து வேருக்குச் சென்று சேர்கிறது என்பது அவர்கள் முடிவு. பசுந்தாள் உரமிட்ட வயல் செழிப்பதற்குக் காரணம் நைட்ரஜன் மட்டுமன்று, அது வாயு உற்பத்தியைப் பெருக்கி மேற்படலத்தின் ஆக்சிஜனையும் பெருக்குவதே என்றும் அவர்கள் வாதிட்டனர். ஹைட்ரஜனை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியம் ஒன்றை இம்மண்ணிலிருந்து பிரித்தெடுத்ததை 1916ஆம் ஆண்டுப் பகுதி விளக்குகிறது.

இம்முடிவின் ஒரு பகுதி பின்னர் நிலைக்கவில்லை. நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைத் திசுவின் வழியே, இலையிலிருந்து ஆக்சிஜன் நேரடியாக வேருக்கு இறங்குகிறது என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். அதே குழல்வழியே எதிர்த்திசையில் மீத்தேன் மேலேறி வளிமண்டலத்தைச் சேர்கிறது; வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனின் பெரும்பகுதி குமிழியாக அன்றிப் பயிரின் உடல் வழியாகவே செல்கிறது என்பதைக் கலிபோர்னிய வயல்களில் சிசரோனும் ஷெட்டரும் 1981இல் வெளியிட்ட அளவீடுகளும் அதன்பின் வந்த ஆய்வுகளும் காட்டின. வேருக்கான காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் ஹாரிசனும் ஐயரும் பிழைபட்டனர் எனலாம். ஆனால் மீத்தேன் உண்டாகும் ஆழமும் அது தின்னப்படும் பரப்பும் ஒரே வயலில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன, அவ்விரண்டுக்கும் இடையே ஓடும் வேதிப்பொருள்களே அச்சேற்றின் உயிர்களைத் தாங்குகின்றன என்ற அவர்களின் காட்சி இன்றும் சரியானது. மீத்தேனை உண்ணும் பாக்டீரியாவை நெதர்லாந்தின் சோங்கன் விவரித்தது 1906இல்தான். ஏழாண்டுகளுக்குள் அவ்வறிவு ஒரு மாகாண வேளாண் துறையின் பயிர்ச் சிக்கலுக்குள் இறங்கியது.

உதவியாளர் என்ற பதவிப்பெயரோடு முகப்பில் இடம்பெற்ற சுப்பிரமணிய ஐயரின் பெயர் பிற்கால மேற்கோள்களில் ஆசிரியர் இணையின் இரண்டாம் பாதியாக மட்டும் எஞ்சியது. குடியேற்றக் கால அறிவியலில் இத்தகைய இரண்டாம் பெயர்கள் பல. அவற்றுக்குரிய வாழ்க்கை வரலாறுகள் எழுதப்படாமை தமிழ் அறிவியல் வரலாற்றெழுத்தின் குறை.

ஆற்றல் கணக்கு

உயிரினங்கள் ஒழுங்கை வளர்க்கின்றன, இரண்டாம் விதியோ ஒழுங்கின்மை (என்ட்ரோபி) பெருகும் என்கிறது. எனவே படிமலர்ச்சி அவ்விதிக்கு முரண் என்னும் வாதம் மேடைகளில் இன்றும் கேட்கிறது. இது பழைய பிழை. இரண்டாம் விதி தனித்து மூடப்பட்ட அமைப்பைப் பற்றியது. உயிர்கள் போட்டியிடுவது பொருளுக்காகவோ வெறும் ஆற்றலுக்காகவோ அன்று, வெப்பமான கதிரவனிலிருந்து குளிர்ந்த புவிக்கு ஆற்றல் இறங்கும்போது கிடைக்கும் வாய்ப்புக்காகவே என்று லுட்விக் போல்ட்ஸ்மான் 1886ஆம் ஆண்டு உரையிலேயே எடுத்துக்காட்டினார். எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளினில் ஆற்றி மறுஆண்டு நூலாக்கிய உரைகளில் இக்கருத்தை விரிவுபடுத்தினார். சமநிலையிலிருந்து விலகிய அமைப்புகளில் ஒழுங்கு தானே தோன்றலாம் என்பதற்குக் கணித வடிவம் தந்த இல்யா பிரிகோஜின் 1977இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வரிசை நன்கு அறியப்பட்டதாதலின் இங்கு நீட்டிக்கத் தேவையில்லை.

அறியப்படாதது, இக்கணக்கு சேற்றுக்குள் எவ்வளவு இறுக்கமானது என்பதே. ஒரு மோல் குளுக்கோஸ் ஆக்சிஜனில் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 2870 கிலோஜூல் பயன்படு ஆற்றல் கிடைக்கிறது. அதே குளுக்கோஸ் ஆக்சிஜன் இன்றி மூன்று பங்கு மீத்தேனாகவும் மூன்று பங்கு கரியமில வாயுவாகவும் பிரிந்தால் கிடைப்பது சுமார் 400 கிலோஜூல் மட்டுமே. எஞ்சிய ஏறத்தாழ 85 விழுக்காடு மீத்தேனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. குமிழியை எரித்தால் எரிவது அதனால்தான். இந்த ஏழில் ஒரு பங்கு ஆற்றலையும் ஓர் உயிரி மட்டும் பெறுவதில்லை. வைக்கோலையும் தாளையும் சிதைக்கும் நொதிப்போர், அவர்தம் கழிவாகிய கொழுப்பு அமிலங்களைச் சிதைப்போர், இறுதியில் மீத்தேன் ஆக்குவோர் எனக் குறைந்தது மூன்று கூட்டங்கள் அதனைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

நடுக்கூட்டத்தின் நிலையே வியப்புக்குரியது. புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற அமிலங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் வெளியிடும் வினை, திட்ட நிலைமைகளில் ஆற்றல் தருவதில்லை, ஆற்றல் கேட்பது. வெளிவரும் ஹைட்ரஜனை யாரேனும் உடனுக்குடன் எடுத்துக்கொண்டால்தான் வினை முன்னோக்கி நகரும். அதை எடுத்துக்கொள்வோர் மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்கள். ஒருவரின் கழிவு மற்றவரின் உணவு என்பதோடு இது முடியவில்லை. மற்றவர் உண்ணாவிடில் முதல்வர் உண்ணவே இயலாது. ஒற்றை உயிரி என நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு மீத்தேன் நுண்ணுயிரி, உண்மையில் இவ்வாறு பிணைந்த இரண்டின் கூட்டு என்பதை பிரையன்ட் குழுவினர் 1967இல் காட்டினர். இக்கூட்டு வளர்சிதைமாற்றத்தில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு மோல் வினைக்கு 20 கிலோஜூல் அளவே கிட்டுகிறது. உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபி ஒன்றை உருவாக்க வேண்டிய தொகையின் பாதிகூட அன்று. ஆற்றலைச் சில்லறையாகச் சவ்வின் இருபுறத்து அயனிச் சரிவில் சேமித்து, சேர்ந்தபின் ஏடிபியாக மாற்றும் உத்தி இன்றேல் இவ்வாழ்க்கை நடவாது.

உயிர்த்தோற்ற ஆய்வு நெல்வயலைச் சந்திக்கும் இடம் இதுவே. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வினைபுரிந்து ஆற்றல் தரும் வினையும், சவ்வின் இருபுறத்து அயனிச் சரிவும் உயிரின் மிகப் பழைய அடித்தளங்கள் என்பது மைக்கேல் ரசல், வில்லியம் மார்ட்டின் ஆகியோர் முன்வைத்த கருதுகோள். கடலடியின் காரத்தன்மை கொண்ட வெந்நீர் ஊற்றுகளில் பாறையும் நீரும் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுகின்றன. அங்குள்ள நுண்துளைச் சுவர்களின் இருபுறமும் இயற்கையான அயனிச் சரிவு உண்டு. அத்தகைய ‘லாஸ்ட் சிட்டி’ ஊற்றுத்தொகுதி அட்லாண்டிக் பெருங்கடலில் 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது இக்கருதுகோளுக்கு வலுச்சேர்த்தது. எல்லா உயிர்களுக்கும் பொதுவான கடைசி மூதாதைக்கு உரியவை என 355 மரபணுக் குடும்பங்களை 2016இல் மார்ட்டின் குழுவினர் அடையாளம் கண்டனர். அவை ஆக்சிஜன் வேண்டாத, ஹைட்ரஜனை நம்பிய ஒரு வாழ்க்கையைச் சுட்டின. மாற்றுக் கருதுகோள்களும் வலுவாக உள்ளன. நிலத்துக் குட்டைகள் நனைந்து காய்வதில் உயிர்த்தோற்றத்தைத் தேடுவோர் இதை ஏற்பதில்லை. விவாதம் முடியவில்லை.

இரு பொன்னம்பெருமாக்கள்

இவ்விரு ஆய்வு மரபுகளையும் ஒரே குடும்பப்பெயர் தொடுவது தற்செயலாயினும் குறிப்பிடத்தக்கது. இலங்கையின் காலியில் 1923இல் பிறந்த சிரில் பொன்னம்பெரும, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் மெய்யியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். பின்னர் இலண்டனில் பெர்னாலிடமும், பெர்க்லியில் மெல்வின் கால்வினிடமும் பயின்று, நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் வேதிப் படிமலர்ச்சி ஆய்வை நடத்தினார். ஆஸ்திரேலியாவில் 1969இல் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் உறுதிசெய்த குழுவில் அவர் ஒருவர். உயிரின் மூலப்பொருள்கள் எவ்வாறு உருவாகும் என்பதே அவர் கேள்வி. அம்மூலப்பொருள்களைத் தொடர்ந்து இயக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும் என்பது அவர் மரபில் இரண்டாம் இடமே பெற்றது.

அவ்விரண்டாம் கேள்வியை வேறு நோக்கில் எடுத்தவர் மற்றொரு இலங்கையரான ஃபெலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண் வேதியியலாளராகிய அவர், நீர்மூழ்கு மண்களின் வேதியியல் குறித்து 1972இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இன்றும் துறையின் அடிப்படை நூல் போலப் பயிலப்படுகிறது. சேற்றின் மாற்றங்களை அவர் வெப்ப இயக்கவியலின் மொழியில் எழுதினார். ஆக்சிஜன் தீர்ந்தபின் நைட்ரேட், அதன்பின் மாங்கனீசு, இரும்பு, சல்பேட், இறுதியில் கரியமில வாயு என எலக்ட்ரானை ஏற்கும் பொருள்கள் வரிசையாகப் பயன்படுகின்றன. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் குறைந்த ஆற்றல் தரும் படி. மண்ணின் ஒடுக்க மின்னழுத்தம் இறங்க இறங்க, அதில் வாழும் கூட்டமும் மாறுகிறது. அமில மண்ணாயினும் கார மண்ணாயினும் நீர் தேங்கியபின் நடுநிலை நோக்கி நகர்வதையும் அவர் விளக்கினார்.

நடவு வயலில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் இவ்வேணி கண்ணுக்கே தெரியும். கருஞ்சாம்பல் சேற்றுக்குள் வேர் மட்டும் செம்பழுப்பாக இருக்கும். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன், சேற்றில் கரைந்துள்ள இரும்பைத் துருவாக்கி வேரின்மேல் படியச் செய்வதால் வந்த நிறம் அது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலைபெற்ற காலத்தை ஒட்டி, கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு பேரளவில் படிவுற்றதற்கும் இதற்கும் வேதியியல் ஒப்புமை உண்டு. அளவும் காலமும் மட்டுமே வேறு.

சேற்றிலிருந்து மரபு மரத்துக்கு

மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்தே கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் 1977இல் உயிர்மரத்துக்கு மூன்றாம் கிளை உண்டென அறிவித்தனர். ஆர்க்கியா என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. மீத்தேன் ஆக்கம் மிகப் பழையது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளில் அடைபட்ட மீத்தேன் சான்றாகக் காட்டப்படுகிறது.

இதைக்கொண்டு நெல்வயல் ஆர்க்கியாக்களை ‘ஆதி உயிர்’ எனச் சில மக்கள் நூல்கள் வருணிப்பது ஏற்கத்தக்கதன்று. அவையும் நம்மைப் போலவே அத்தனை கோடி ஆண்டுகள் படிமலர்ந்தவையே. நெல்வயலுக்குரிய ஒரு வகையின் மரபணுத்தொகை இத்தாலிய நெல்மண்ணிலிருந்து 2006இல் வாசிக்கப்பட்டபோது, ஆக்சிஜனின் நச்சைச் சமாளிக்கும் நொதிகள் பல அதில் இருந்தன. வயல் அறுவடைக்குப் பின் காய்ந்து வெடிப்பதைத் தாங்கும் ஏற்பாடு அது. அவ்வகையைச் சேர்ந்த மெத்தனோசெல்லா 2008இல் ஜப்பானிய நெல்மண்ணிலிருந்து தனித்து வளர்க்கப்பட்டுப் பெயரிடப்பட்டது. உழவர் நீர் கட்டுவதும் வடிப்பதும் இவற்றின் வாழ்வை ஆண்டுதோறும் தேர்வுக்கு உட்படுத்துகின்றன.

ஆழமான தொடர்பு வேறிடத்தில் உள்ளது. ஹைட்ரஜனை வெளியிடும் ஒரு பாக்டீரியத்தையும் அதனை நம்பிய ஓர் ஆர்க்கியத்தையும் பிணைத்த உறவே உட்கரு உயிரணுவின் தொடக்கம் என மார்ட்டினும் முல்லரும் 1998இல் கூறினர். ஜப்பானியக் கடற்படிவிலிருந்து பன்னிரண்டு ஆண்டு முயற்சியில் வளர்க்கப்பட்ட அஸ்கார்டு ஆர்க்கியம் ஒன்று 2020இல் விவரிக்கப்பட்டது; உட்கரு உயிரணுவின் மூதாதைக்கு நெருங்கிய உறவென மதிக்கப்படும் அவ்வுயிரி தனித்து வளரவில்லை, மீத்தேன் ஆக்கும் கூட்டாளியோடு சேர்ந்தே வளர்ந்தது. 20 கிலோஜூலைப் பங்கிடும் கட்டாயம்தான் மனிதனுக்கும் நெல்லுக்கும் பொதுவான உயிரணு வடிவத்தைத் தந்தது என்று முற்றாக உறுதிகூற இயலாது. ஆயினும் அத்தகைய கட்டாயம் எவ்வகைக் கூட்டுகளை விளைவிக்கும் என்பதை நேரில் காணச் சம்பா வயலின் சேறு போதும்.

படுகையில் ‘மீத்தேன்’ என்னும் சொல்

தஞ்சைப் பகுதியில் இச்சொல் ஆய்வகச் சொல்லாக வரவில்லை. மன்னார்குடித் தொகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பதற்கான ஒப்பந்தம் 2010இல் ஏற்பட்டபின், அது நிலம் பறிபோதலின் பெயராயிற்று. அதற்கெதிரான பரப்புரையில் இருந்தபோதே இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த பிச்சினிக்காட்டில் காலமானார். வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் 2020இல் நிறைவேறியது.

அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அச்சொல் நெல் உழவரை வேறொரு கூண்டில் நிறுத்தியிருந்தது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்க அமைப்பொன்று மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டுக்கு அடிப்படை இந்திய வயல்களின் அளவீடு அன்று. ஏ. பி. மித்ரா தலைமையில் தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991இல் ஒருங்கிணைத்த நேரடி அளவீடுகள் ஏறத்தாழ 40 லட்சம் டன் எனக் காட்டின. பிழைப்புக்கான உமிழ்வையும் சொகுசுக்கான உமிழ்வையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அதே ஆண்டில் வாதிட்டனர்.

வெப்ப இயக்கவியல் நோக்கில் இரு மீத்தேன்களும் ஒன்றே. காலக் கணக்கில் அவை வேறு. வயலின் மீத்தேனிலுள்ள கார்பன் பெரும்பாலும் ஓரிரு பருவங்களுக்கு முன் இலை காற்றிலிருந்து பெற்றது. அது பத்தாண்டு அளவில் மீண்டும் கரியமில வாயுவாகிச் சுழற்சிக்குத் திரும்பும். பழுப்பு நிலக்கரியில் அடைபட்டதோ பல கோடி ஆண்டுகள் சுழற்சிக்கு வெளியே இருந்த கார்பன். இருப்பினும் மீத்தேனாக இருக்கும் காலத்தில் இரண்டும் வெப்பத்தை ஒரே அளவில் சிறைப்படுத்துவதால், வயலின் பங்கைப் பேசாது விடுவதும் முறையன்று.

நீர் கட்டிக் காய்ச்சும் பாய்ச்சல் முறையும், திருந்திய நெல் சாகுபடியும் ஏணியின் கடைசிப் படிக்குச் சேறு இறங்காமல் தடுத்து மீத்தேனைக் கணிசமாகக் குறைக்கின்றன. ஆனால் அடிக்கடி காய்ந்து நனையும் மண்ணில் நைட்ரேட் படி மீண்டும் திறந்து, நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். மேலும் அம்முறைக்கு வேண்டியது நினைத்தபோது விடவும் நிறுத்தவும் கூடிய நீர். குழாய்க் கிணறு உள்ள வயலில் அது இயலும். முறைப்பாசனத்தில் மேல்மடையிலிருந்து கீழ்மடைக்கு வயல் வழியே நீர் பாயும் கடைமடைப் பகுதியில், அடுத்த முறை எப்போது வரும் என அறியாத உழவர் வந்த நீரைக் கட்டிவைக்கவே செய்வர். சேற்றின் மின்னழுத்தம் இறங்குவதற்கும், மேட்டூர் நீர்மட்டத்துக்கும், நதிநீர்ப் பங்கீட்டுக்கும் உள்ள இத்தொடர்பு, ஹாரிசன்–ஐயர் கட்டுரைகள் வந்து நூறாண்டுகளுக்குப் பின்னும் கீழத்தஞ்சை வயல்களில் அளந்து எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.